தெருமுனையில் நிற்கும் வண்டிகள்

இன்னும் எல்லா வண்டியும் தெருமுனையில்தான் நிற்கின்றன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திண்டுக்கல்லில் இப்போது கடைச் சாமானெல்லாம் ஆளில்லாத ரோபோ வண்டியில்தான் வீட்டுக்கு வருகிறது. எங்கள் தெரு உடையப்பன் மாமாவைத் தூக்கிப்போன அன்று, ஒரு வண்டி பாடைக்குப் பின்னாலேயே "வழிவிடுங்கள், பிரியாணி ஆறுகிறது" என்று கூவிக்கொண்டே போனது. அன்றைக்கும் சிரித்தேன். அதன்பிறகு தெருக்காரர்கள் சண்டை போட்டு, செயலியில் 'துக்க வீடு' என்று ஒரு பொத்தானை வைக்கவைத்தார்கள். ஒரு வீட்டார் பதிந்து இன்னொரு வீட்டார் ஆமோதித்தால் போதும். தகவல் எல்லாக் கம்பெனிக்கும் போய்விடும். எந்த வண்டியும் தெருவுக்குள் நுழையாது.

"ஏ செல்வி, சும்மா ஒண்ணு போட்டுப் பாப்பமா?" எதிர்வீட்டுப் பிரபு போனில் கேட்டான்.

"யாரு வீட்டுக்குடா?"

"ஒங்க டியூசன் சாருக்குத்தான். ஒத்தக்கட்ட. கேக்க நாதியில்ல."

ஆண்டனிராஜ் சார் எங்களுக்குப் பக்கத்து வீடு. நல்லவர். போட்டேன். பிரபு ஆமோதித்தான். வந்த வண்டியெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டு, முட்டிபோடச் சொன்ன பிள்ளைகள் மாதிரி முனையில் வரிசைகட்டின. சிறுமலை வாழைப்பழம், பிரியாணி, யார் வீட்டுக்கோ ஒரு மெத்தை. அவன் மாடியில் அவனும் எங்கள் மாடியில் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் சார் கூப்பிட்டார். மூச்சு இழுத்தது.

"செல்வி, நம்ம தெருவுல யாரும்மா தவறிட்டாக?"

செயலி தெருவை மட்டும்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது.

"தெரியல சார்."

"என் இன்ஹேலர் முனையில வந்து நிக்கிதாம். பழசு தீந்துபோச்சு. துக்கம் நடக்கிற தெருவுல வண்டிய உள்ள விடச் சொன்னா நல்லாவா இருக்கும்? காலைல பாத்துக்கிறேன்."

"சரிங்க சார்."

நானே போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அவரே காலையில் என்றுதானே சொன்னார்? பதிவை நீக்கியிருக்கலாம். நீக்கினால் போட்டவர் பெயர் தெரு முழுக்கப் போகும், அப்பாவுக்கும் போகும். அப்பா அடிப்பார்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். அடங்கவேயில்லை. வாயில் தலையணையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சுவரைத் தட்டினார். நான் சிரிப்பது கேட்டுவிட்டது, அதட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தம் காட்டாமல் படுத்துக்கொண்டேன். மறுபடி தட்டினார், மெதுவாக.

இப்போது சத்தமே இல்லை. தூங்கிவிட்டார். மருந்து இல்லாமலும் தூங்க முடிகிறது, பாருங்கள்.

இருந்தாலும், அப்பா அடித்தாலும் பரவாயில்லை, பதிவை நீக்கிவிடலாம் என்று செயலியைத் திறந்தேன். காரணம் கேட்கிறது. இரண்டுதான் இருக்கின்றன: 'தவறான பதிவு', 'அடக்கம் முடிந்தது'. முதலாவதின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போட்டது இன்னமும் தவறான பதிவுதானா?