மூன்று தரம் சங்கு

— வெர்லின், அடுப்பை விட்டுட்டு வா. சங்கு ஊதினது உனக்குக் கேக்கலையா?

— ரொட்டி வேகுது மதினி. எந்தச் சங்கு? மீன் வந்திருச்சா?

— மீனுக்கு ஒரு தரம்தானே ஊதுவாங்க. இது மூணு. விட்டு விட்டு மூணு தரம். அப்பத்தான் அறுவடைப் பூசை முடிஞ்சு சர்ச்சுப் படியில இறங்கினேன்.

— மூணா? யார் வீட்டுப் படகு இன்னும் வரல?

— அதைக் கேக்கத்தான் ஓடி வந்தேன். என் தம்பி வந்துட்டானா?

— இல்ல மதினி. விடியக்காலை போனவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்னு சொன்னார். நண்டுக் குழம்பு ஆறிக் கிடக்கு. பெரிய வஞ்சிரமா மாட்டியிருக்கும், மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்.

— போன் போட்டுப் பாத்தியா?

— போன் அந்தா, சர்க்கரை டப்பா மேல கிடக்கு. கடல்ல எதுக்குப் போனும்பார். சங்கு போதுமாம்.

— அப்படியே எங்கப்பாவை உரிச்சு வச்சவன். அந்த எஞ்சினை மாத்துடா ஓட்லின்னு தலையால தண்ணி குடிச்சேன். ஈஸ்டர் ஆட்டு ஓட்டப் பந்தயம் முடியட்டும் அக்கான்னான். ஆட்டுக்கு இருக்கிற மரியாதை எஞ்சினுக்கு இல்ல.

— மதினி, எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் என்னவாம்? அழுவாதே. டெல்ராயும் மத்த மீன்காரங்களும் கீழ படகைத் தள்ளிக்கிட்டிருக்காங்க. எந்தப் பக்கம் போறதுன்னுதான் அவங்களுக்குத் தெரியல.

— சத்தம் எங்கிருந்து வந்துச்சு?

— அதுதான் கூத்து. கடல்லேர்ந்து வரல. பாறைக்கு அந்தாண்ட, உன் விடுதியில தங்க வர்றவங்க குளிக்கிற குடாவிலேர்ந்து வந்துச்சு.

— குடாவிலேர்ந்தா? மதினி, கொஞ்சம் இருங்க. ஓட்லி போன வாரம் பழைய சங்கு ஒண்ணை அந்தப் புரூனோகிட்டக் கொடுத்து ஊதப் பழக்கினார்.

— யாரு, அறையே வேண்டாம், தூளி கட்ட ரெண்டு தென்னைமரம் போதும்னு வந்தானே, அவனா? மூணு வாரமா தூளியை விட்டு இறங்காதவனா?

— அவனேதான்.

— கர்த்தரே. எருமை மாதிரி வளர்ந்தவன் தூளியில கிடந்துக்கிட்டு ஊரையே அலற வச்சுட்டானே. இரு, முதல்ல இவங்களை நிறுத்தறேன். ஏய் டெல்ராய், படகை மேல ஏத்துங்கப்பா. ஒண்ணுமில்ல. வெர்லின் வீட்டு வெள்ளைக்காரன் ஊதி விளையாடியிருக்கான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.

— அவனே வர்றான் மதினி. கையில சங்கோட.

— வாடா ராசா. தூக்கம் கலைஞ்சுதா?

— வணக்கம் மெர்ல் அம்மா. வெர்லின் அக்கா, ரொட்டி வாசனை குடா வரைக்கும் வந்துச்சு. அவசரமில்ல, மெதுவாக் குடுங்க.

— ரொட்டி இருக்கட்டும் புரூனோ. சங்கு ஊதினது நீயா?

— நான்தான். நல்லா வந்துச்சா? ஓட்லி அண்ணன் சொன்ன மாதிரியே உதட்டை இறுக்கி ஊதினேன்.

— ரொம்ப நல்லா வந்துச்சு. எங்க உயிர்தான் போயிட்டு வந்துச்சு. எத்தனை தரம் ஊதச் சொல்லிக் கொடுத்தான் என் தம்பி?

— ஒரு தரம். மீன் வந்தா ஊதணும்னார்.

— பின்ன எதுக்குடா மூணு?

— ஏன், அது தப்பா?

— நல்லாக் கேட்டுக்க. கடல்லேர்ந்து மூணு ஊதினா, ஆபத்துல இருக்கேன், வாங்கன்னு அர்த்தம். கரையிலேர்ந்து திருப்பி மூணு ஊதினா, கேட்டுச்சு, வந்துக்கிட்டிருக்கோம், நீந்தாதே, படகைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே இருன்னு அர்த்தம். எங்க சித்தப்பா ஒரு பகல் பூராவும் கவிழ்ந்த படகு மேலயே கிடந்தார். கரையில ஊதிட்டாங்க, வந்துருவாங்கன்னு. வந்தாங்க. இந்த ஊர்ல அதை வச்சு யாரும் விளையாட மாட்டோம்.

— விடுங்க மதினி. பாவம், முகமே வெளுத்துப் போச்சு. தெரியாமத்தானே செஞ்சான். ஓட்லி வந்து கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார். உக்காரு புரூனோ, சூடா எடுத்துக்க.

— அக்கா, மூணுங்கிறது நானா ஊதினது இல்ல.

— பின்ன?

— முதல்ல அவர் ஊதினார். கடல்ல, ரொம்பத் தூரத்துல. ஓட்லி அண்ணன் எனக்கு வணக்கம் சொல்றார்னு நினைச்சேன். அவர் மூணு ஊதினாரேன்னு நானும் மூணு ஊதினேன். மறுபடி ஊதினார். நானும் ஊதினேன்.

— எப்ப? எப்ப ஆரம்பிச்சுது?

— நீங்க சாப்பிடக் கூப்பிட்டீங்களே, அப்ப. தூளியில படுத்துக்கிட்டே பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்.

— மத்தியானத்திலிருந்தா? பூசைப் பாட்டு ஒலிபெருக்கியில ஓடிக்கிட்டிருந்துச்சே, அதான் ஊர்ல யாருக்கும் கேக்கல. டெல்ராய்! டெல்ராய், படகை இறக்குங்க!

— புரூனோ, என்னைப் பாரு. இப்ப மதினி காதுல விழுந்துச்சே, அது?

— அது நான் கடைசியா ஊதினது. அதுக்கு அவர் திருப்பி ஊதல அக்கா. அசந்து தூங்கிட்டார்போலன்னு நினைச்சு நானும் எழுந்து வந்துட்டேன்.