அஞ்சு வருஷத்துக்குப் போடுவோம்

எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கிடைத்த ஈ.பி.எஃப் காசை பேங்கில் போடப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“எனக்கு வட்டி பெருசில்லங்க, அஞ்சு வருஷம்தான் வேணும்” என்று அந்த அம்மா சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சாமான் வெல ஏறுற ஏத்தத்துல அஞ்சு வருஷம் காச முடக்கலாமா? மூணு மாசத்துக்குப் போடுவோம். இல்லாட்டி நகையா வாங்கி வையி.”

“நகைய லயத்து வீட்டுல வச்சிட்டு யாரு காவல் இருக்கிறது? பேங்குல பிக்ஸட்லயே போடுவோம்.”

“அஞ்சு வருஷத்துக்கு நான் இருக்கணுமே புள்ள. டாக்டர் சொன்னது மறந்து போச்சா?”

“மறக்கல. ரெண்டு பேரு பேருலயும் போட்டா, எடுக்கிறப்ப ரெண்டு பேரும் வந்து கையெழுத்து வைக்கணுமாம். நீங்க வந்துதான் ஆகணும். மாத்திரைய ஒழுங்கா போடுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்தளையில் முதலில் இறங்கியவர், படியில் நின்ற மனைவிக்குக் கை நீட்டினார்.

“மெதுவா எறங்கு. ஒன் கையெழுத்தும் வேணும்ல.”