ஆறாம் நாள் போட்ட எட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மற்ற நர்சுகள் எழுதினால் கோழி கிளறியது மாதிரி இருக்கும். டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படிப்பார். என் தாள் என்றால் ஒரே பார்வைதான், கையெழுத்துப் போட்டுவிடுவார். இதை முதலில் சொல்லி வைக்கிறேன், தம்பி. நீங்கள் என் கடைசித் தங்கை மகன் வயசு. தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

எங்கள் வார்டில் பதினாறு கட்டில். மனசு பாதாளத்துக்கு இறங்குகிறவர்கள், மச்சுக்கு மேல் பறக்கிறவர்கள், இரண்டும் மாறி மாறி வருகிறவர்கள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் அட்டையில் ஒரு தாள் தொங்கும். தினமும் அதில் ஓர் எண் போட வேண்டும். ஐந்து என்றால் மனசு சமநிலை. கீழே போகப் போகச் சோர்வு, மேலே போகப் போகப் பரபரப்பு. பக்கத்தில் தூக்கம், சாப்பாடு, பேச்சு. தொடர்ந்து ஏழு நாள் ஐந்து விழுந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். டாக்டருக்கு ஆளுக்கு நான்கு நிமிடம்தான் கிடைக்கும். நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஆகவே எண் போடுவதும் நாங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தையல்காரருக்கு ஏழு நாளும் ஐந்து போட்டேன். உள்ளபடியே ஐந்துதான். போகும்போது என் சட்டைக் கை பிரிந்திருப்பதைப் பார்த்து, "அடுத்த வாரம் வந்து தைச்சுத் தர்றேன் சிஸ்டர்" என்றார். மூன்றாம் நாள் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அவர் மனைவி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்கக் கூடாதாம்மா?"

நியாயமான கேள்வி.

அதற்குப் பிறகு யாருக்காவது வரிசையாக ஐந்து விழுந்தால், ஆறாம் நாள் ஓர் எட்டுப் போடுவேன். இல்லையென்றால் மூன்று. எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இன்னும் ஒரு வாரம் பத்திரமாக இருப்பார்கள். எல்லாருக்கும் இல்லை. வெளியே விட்டால் தாங்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியவர்களுக்கு மட்டும். போகப் போக எல்லாரையும் பற்றி அப்படித் தோன்றியது. "இந்த வார்டுக்கு உள்ள வர்ற வழிதான் இருக்கு, வெளிய போற வழிய நர்சம்மா அடைச்சிட்டாங்க" என்று பெருக்க வரும் ஆயா சொல்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

டீச்சர் போன வருஷக் கடைசியில் வந்தார். கணக்கு டீச்சர். வந்த அன்று பத்துப் பேர் பேச்சை ஒருவரே பேசினார். லித்தியம் மாத்திரை ஒரே மாதத்தில் வேலை செய்தது, தெளிந்துவிட்டார். அவர் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

முதல் எட்டைப் பார்த்து டீச்சர் சிரித்தார். "நேத்து வாய்விட்டு ஒரு தடவை சிரிச்சேன். அதுக்கா இந்த மார்க்கு?" இரண்டாம் எட்டுக்குச் சிரிக்கவில்லை. மூன்றாவது விழுந்த அன்று தாளைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"அஞ்சு நாள் நல்லா இருக்கேன், ஆறாம் நாள் டாண்ணு பைத்தியம் பிடிக்குது. வியாதி இப்படி வராது சிஸ்டர். வாய்ப்பாடுதான் இப்படி வரும்."

எட்டு வருஷத்தில் அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பேச்சு என்ற இடத்தில் எழுதினேன்: தாளைப் பறிக்கிறார். எண்களில் ஏதோ சதி இருப்பதாக நம்புகிறார்.

டாக்டரிடமும் சொல்லிப் பார்த்தார். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிஸ்டர் உங்க நல்லதுக்குத்தான்மா இருக்காங்க" என்று மாத்திரையைக் கூட்டினார். அடுத்த வாரம் டீச்சர் அழுதார், அதையும் எழுதினேன். மறுபடி கூட்டினார்.

லித்தியத்தைக் கூட்டினால் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு மீறினால் அதுவே விஷம். ரத்தப் பரிசோதனை முடிவு லேபிலிருந்து வரும், என் கையெழுத்தில் வராது. அதனால் எடுக்கவில்லை. 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று மூன்று வாரம் எழுதினேன். டீச்சர் என்னவோ சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்தக் கை நடுங்கியது. கரண்டி வாய்க்குப் போகும்முன் பாதி சிந்தியது. வயிற்றால் போனது. சுவரைப் பிடித்து நடந்தார். இந்த மாத்திரையை இருபத்திரண்டு வருஷமாகக் கொடுக்கிறேன், தம்பி. அது என்ன என்று எனக்குத் தெரியாதா? 'பதற்றம் அதிகம்' என்று எழுதினேன். நானே ஊட்டினேன், நானே துடைத்தேன். பெற்ற மகள்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

பெண் குழந்தை பிறந்ததாக மருமகன் ஃபோன் செய்தார். அன்று சாயங்காலம் டீச்சர் நாக்குக் குழறிக் கேட்டார்.

"பொ...றந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. நீங்க தூங்குங்க."

சந்தோஷம்கூட அவருக்கு ஆகாது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் டீச்சருக்கு நினைவு போனது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. கை என் கைக்குள்தான் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரைக் கொன்றது நான்தான். தெரியாமல் நடந்தது என்று எங்கேயும் சொல்லமாட்டேன். ரத்தம் எடுத்திருந்தால் மாத்திரையைக் குறைத்திருப்பார்கள், குறைத்திருந்தால் தெளிந்திருப்பார், தெளிந்திருந்தால் போயிருப்பார்.

இதற்கு மேல் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பத்து நாள் கழித்து மகள் குழந்தையோடு வார்டுக்கு வந்தாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. "எங்கம்மாவ நான்தானே இங்க கொண்டுவந்து விட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தையை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லி, டாக்டரிடம் பேசி, அம்மா படுத்த அதே கட்டிலில் நான்தான் படுக்க வைத்தேன். சின்ன வயசு, சீக்கிரம் தேறிவிட்டாள். பிரேதப் பரிசோதனை முடிவோடு நீங்கள் வந்து என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்த அன்று அவள் தாளில் தொடர்ந்து நான்கு நாள் ஐந்து விழுந்திருந்தது. நேற்றோடு ஐந்து நாள் ஆகியிருக்கும்.

இன்றைக்கு அந்தத் தாளை யார் எழுதுகிறார்கள், தம்பி? நாளை மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கைப்பிள்ளைக்காரி. அந்தத் தாளைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓர் எண்தான், போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.