ஒன்பதாம் குழாய்

இரவு இரண்டு நாற்பது. குப்பை மேட்டைச் சுற்றி மேலேறும் மண் பாதை. கையில் டார்ச்சோடு ஒரு பெண். தோளில் ஓர் உருளை...

"தனியாவா?" என்றான் சந்தேகம்.

எங்கள் துளையிடும் குழுவில், யார் எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி போடுகிறவன். அதனால் அந்தப் பெயர். மழையால் வேலை நின்றிருந்தது. ஜெனரேட்டரும் நின்றிருந்தது. தகரக் கொட்டகையில் ஆறு பேர், ஒரு மெழுகுவர்த்தி.

"தனியாத்தான். என் ரூம்மேட்டோட அண்ணி. உன்னை மாதிரி ஒண்ணுக்குப் போறதுக்குக்கூடத் துணை கேக்கிற ஆளு இல்ல."

சிரித்தார்கள். பிறகு நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் சொன்னேன்.

அண்ணி மண் இன்ஜினியர். அந்த மேடு பத்து மாடி உயரம், ஒரு ஊரின் முப்பது வருடக் குப்பை. உள்ளே தண்ணீர் ஏறினால் மேடு சரியும். அதைக் கண்காணிக்கப் பன்னிரண்டு குழாய்கள் இறக்கியிருந்தார்கள். தினமும் ஒவ்வொன்றிலும் அளவு நாடாவை விட வேண்டும். நாடாவின் நுனியில் ஓர் எடை. அது தண்ணீரைத் தொட்டால் மேலே கையில் இருக்கும், நாடா சுற்றிய உருளை கீச்சென்று கத்தும். எத்தனையாவது மீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். கத்தாமல் அடியில் முட்டினால் 'உலர்' என்று எழுத வேண்டும்.

பதினொரு வருடம் இதே வேலை. காது போதும் என்றாகிவிட்டது. கத்தவில்லையா, உலர். எங்கே முட்டியது என்று பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் குழாயின் ஆழம் இருபது மீட்டர்; மற்றவை எல்லாம் பத்துக்குள். அதற்கு மூன்று நாள் தொடர்ந்து 'உலர்' என்று எழுதினாள். நான்காம் நாள் மேடு சரிந்தது. மேலே புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி வண்டியோடு உள்ளே போனான்.

அன்று மாலை துடைக்கும்போதுதான் நாடாவைப் பார்த்தாள். பதினொன்றாம் மீட்டர் வரை அழுக்கு. அதற்கு மேல் புதிது போலச் சுத்தம்.

"அப்படின்னா?" என்றான் சந்தேகம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அப்படியென்றால் நாடா அடியைத் தொடவே இல்லை. குழாய் நடுவில் நசுங்கியிருந்தது. மேடு மூன்று நாட்களாக உள்ளுக்குள் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் 'உலர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அவனைத் தேடித் தெற்கு அடிவாரத்தில் தோண்டினார்கள். மேல்தோல் மட்டும் வழுக்கியது என்று கணக்கு. பதினொரு மீட்டர் ஆழத்தில் அறுந்திருந்தால் கணக்கே வேறு. மேட்டுக்கு அடியில் ஒரு பழைய ஓடை இருந்தது. சரிவு அதன் வழியே போயிருக்கும். ஓடை வடக்கே திரும்புகிறது. வண்டி அங்கேதான் இருக்கும்.

இது அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால் வேலை போகும், வழக்கு வரும், ஜெயில். இரண்டு பிள்ளைகள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு இரவும் படுத்தாள்.

அவள் அம்மா தினமும் மேட்டின் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். ஒருநாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவ. எங்க தோண்டணும்னு உனக்குக்கூடவா தெரியாது?"

"தெரியலம்மா."

"உயிரோட கேக்கலடி. கெடைச்சா போதும்."

பத்தொன்பது நாளில் தேடுவதை நிறுத்தினார்கள். மேட்டை அப்படியே மூடிவிட முடிவு. மேலே களிமண். அதன் மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, துண்டு துண்டாகச் சூட்டில் ஒட்டியது. அதற்கு இன்னும் இருபத்திரண்டு நாள். நாற்பத்தோராம் நாள் காலை ஆறு மணிக்கு வடக்கு மூலையில் கடைசித் துண்டை ஒட்டுவார்கள். அதன் பிறகு யாரும் அதைத் திறக்க முடியாது.

அதற்கு முந்தைய இரவுதான் அவள் ஏறினாள்.

எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சரிவின் விளிம்பில் நின்றதால் ஒன்பதாம் குழாய் தப்பியிருந்தது. விரிப்பைத் துளைத்துக்கொண்டு முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டு நின்றது. நடக்கும்போது பிளாஸ்டிக் செருப்புக்குக் கீழே டப்... டப்... என்றது. மூடியைத் திருகினாள். அழுகிய முட்டை வாடை. ஈரச் சாம்பல் வாடை.

நாடாவை விட்டாள். இப்போது எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு மீட்டராக...

ஒன்பது. பத்து. பதினொன்று.

நிற்கவில்லை.

பன்னிரண்டு. பதினைந்து. இருபதில் குழாயின் அடி, அடைத்து மூடியது. அங்கேயும் நிற்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டாள். உருளை தானாகச் சுற்றியது. விழும் வேகம் இல்லை அது. ஒரு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு. நிறுத்தம். கிணற்றில் வாளிக் கயிற்றை இழுப்பார்களே, கை மாற்றிக் கை மாற்றி... அப்படி.

ஐம்பது மீட்டர் நாடாவும் போய்விட்டது. கடைசிச் சுற்றில் உருளை இறுகி நின்றது.

நேரே தொங்கும் நாடா குழாய் வாயின் நடுவில் இருக்கும். இது நடுவில் இல்லை. வடக்கு விளிம்பில் அழுந்தி, பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டிருந்தது.

உருளை ஒரு முறைகூடக் கத்தவில்லை.

அவள் மேலாளருக்குப் போன் செய்தாள். மூன்று பத்து. 'உலர்' என்று எழுதியது, அழுக்கு, பதினொன்று, ஓடை... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"இதை இப்ப வந்து சொல்றீங்க."

"தப்புத்தான் சார். ஆறு மணிக்கு முன்னாடி வடக்கே தோண்டணும்."

"நீங்க எனக்குப் போனே பண்ணல. நானும் எடுக்கல. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

வைத்துவிட்டார்.

பொக்லைன் ஓட்டுகிறவன் வண்டிக்குள்ளேயே தூங்குவான். தம்பியோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவன். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"வடக்கு மூலைல தோண்டணும். இப்பவே."

"யாரு சொன்னா, அக்கா?"

"நான் சொல்றேன்."

"வேலை போயிடும்."

"எனக்குத்தான் போகும். நான் மிரட்டினேன்னு நீ சொல்லிடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான்.

கடைசித் துண்டுக்கு விட்டிருந்த இடத்தின் ஓரத்தில் விரிப்பை அவளே கத்தியால் கிழித்தாள். களிமண் போனது. கறுப்புக் குப்பை வந்தது. ஆவி பறந்தது. துணி, செருப்பு, உடைந்த பொம்மை, ஒரு கதவு. நான்கரை. ஐந்து. கேட்டுப் பக்கம் ஒட்டுகிறவர்களின் வேன் வந்து நிற்பது தெரிந்தது. அவள் பள்ளத்தில் இறங்கிக் கையால் அள்ளத் தொடங்கினாள். மேலே வரச் சொல்லி அவன் கத்தினான். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, வரவில்லை. நகம் பிய்ந்தது. வாயில் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அள்ளினாள்.

ஐந்து இருபதுக்கு இரும்பில் இரும்பு உரசியது.

மஞ்சள் கூரை. பிறகு கண்ணாடி. கீறல்கூட இல்லை. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

அவன் மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான். அவளைக் கெஞ்சிக் கூத்தாடி மேலே ஏற்றினான். கண்ணாடியை உடைத்து உள்ளே போனான். அவள் விளிம்பில் குனிந்து நின்றாள்.

"இருக்கானா?"

உள்ளே கண்ணாடித் துண்டுகள் காலடியில் நொறுங்கின.

"டேய். இருக்கானான்னு கேக்கிறேன்."

"இல்லக்கா."

சீட் பெல்ட் பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஒரு பிடி குப்பைகூட உள்ளே வரவில்லை. அவன் டார்ச்சை அங்குமிங்கும் அடிப்பது தெரிந்தது. பிறகு வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. நின்றபடியே இருந்தது...

"என்னடா?"

"மீட்டர், அக்கா. வண்டி எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுமே, அது."

"சரி."

"சரிஞ்ச அன்னைக்குக் காலைல நான்தான் டீசல் ஊத்தி மீட்டரைக் குறிச்சேன். ஆறாயிரத்து இருநூத்திப் பத்து. ஒரு நாளைக்குத்தான் டீசல் இருந்துச்சு. இப்ப ஏழாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி நாலு காட்டுது."

அவன் கவசத்தைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தான்.

"நாப்பத்தோரு நாள் ராப்பகலா ஓடியிருக்கு... அத்தனை நாளும் நாம எங்கக்கா தோண்டிட்டிருந்தோம்?"