ஊத்தாமலே ஏறுற எண்ணெய்

கௌஸ்: இரு இரு... டிரைவரே, திரும்பச் சொல்லு. ஏறுதா, எறங்குதா?

வேலாயுதம்: ஏறுது பாய். சொட்டு ஊத்தல. காலையில ஆயில் குச்சிய விட்டுப் பார்த்தா, நேத்தவிட மேல நிக்குது.

கௌஸ்: எஞ்சின் எண்ணெய்?

கன்னையா: சத்தியமா பாய். என் கண்ணால பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

கௌஸ்: இவரு யாரு?

வேலாயுதம்: என் பொண்டாட்டி தம்பி, கன்னையா. இவனும் எங்க சீன மொதலாளி தவுக்கே வீட்டுலதான். கார் கழுவுறது, ராத்திரி கொட்டகையில காவல்.

கௌஸ்: சரி... வண்டி ஓட ஓட எண்ணெய் கொறையும். ஊரு உலகத்துல அதான் வழக்கம். உங்க கிள்ளான்ல மட்டும் ஏறுதாக்கும்?

கன்னையா: சிரிக்காதீங்க பாய். ஆயுத பூஜைக்கு மாரியம்மன் கோயில் வாசல்ல வச்சு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அதுலேர்ந்துதான் ஏறுது. ஆத்தா வண்டியில குடியேறிட்டா.

கௌஸ்: ஆத்தா குடியேறின வண்டியில எண்ணெய் பிரஷர் காட்டுற முள்ளு ஏன் படுத்துக் கிடக்கு?

வேலாயுதம்: அதுக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் உங்க பட்டறையத் தேடி வந்தேன். மேடு ஏறி எஞ்சின் சூடாச்சுன்னா முள்ளு பொத்துன்னு விழுந்துடுது. வர்ற வழியில பத்து தீகா ஊரு தாண்டி எழும்பவே இல்ல.

கன்னையா: மாமா, அந்த இன்னொண்ணையும் சொல்லுங்க.

வேலாயுதம்: அது எதுக்குடா இங்க...

கௌஸ்: எது?

கன்னையா: பெட்ரோலு. அது மட்டும் தானா கொறையுது.

வேலாயுதம்: ...டாங்கிய ரொப்பினா ரெண்டாம் நாளே வத்திப் போகுது பாய். யாரோ எடுத்து விக்கிறாங்கன்னு தவுக்கே சொல்றாரு. வண்டிச் சாவி என்கிட்ட, கொட்டகை இவன்கிட்ட. வேற யாரு? திருடன் யாருன்னு தெரியலன்னா இன்னைக்குச் சாயங்காலம் போலீசு மாத்தாவக் கூப்பிடுறேன்னுட்டாரு.

கன்னையா: மாமா அப்படிப்பட்ட ஆளே இல்ல பாய்!

வேலாயுதம்: இவனும் இல்ல பாய்!

கௌஸ்: நான் கேக்கவே இல்லியே... ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு அவசரப்படுறீங்க?

வேலாயுதம்: பயம்தான். ரப்பர் விலை விழுந்ததுலேர்ந்து தோட்டம் தோட்டமா ஆளுங்கள வெள்ளைக்காரன் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்புறான். இந்த நேரத்துல திருட்டுப் பட்டம் வாங்கினா கிள்ளான்ல எவன் சேர்ப்பான்? குடும்பத்தோட நடுத்தெருதான்.

கன்னையா: ஆனா ஆத்தா கைவிடல பாய். அங்க எடுத்தா இங்க ஏத்துறா. அதான் வெள்ளிக்கிழமைன்னா பானெட்டத் தொறந்து...

கௌஸ்: தொறந்து?

கன்னையா: சூடம் காட்டுவேன்.

கௌஸ்: எங்க?

கன்னையா: எஞ்சின்கிட்டதான். எண்ணெய் ஊத்துற மூடியக் கழட்டி வச்சுட்டு... ஆத்தா வாய் அதுதானே.

கௌஸ்: மூடியக் கழட்டிட்டா!

கன்னையா: ஏன் பாய் தரையில உக்காந்துட்டீங்க?

கௌஸ்: பேசாத. அந்தக் குச்சிய எடு. டிரைவரே, மோந்து பாரு.

வேலாயுதம்: எண்ணெய்தான்... இல்ல பாய், இது வந்து...

கௌஸ்: ரெண்டு விரல்ல வச்சுத் தேய்.

வேலாயுதம்: தண்ணியாட்டம் ஓடுது. பெட்ரோலு! பெட்ரோல் வாடை பாய்!

கௌஸ்: இத்தனை நாளாத் தெரியலியா?

வேலாயுதம்: இவன் போடுற சாம்பிராணியில கொட்டகையே கோயிலாட்டம் கெடக்கு. எங்க தெரியும்?

கௌஸ்: யா அல்லா... இதுக்கு முன்னால சூடம்! நகரு, பம்பக் கழட்டுறேன்... இதோ, உள்ள இருக்கிற இந்தத் துணிக்கு டயாபிரம்னு பேரு. இது மேலயும் கீழயும் துடிச்சாத்தான் டாங்கியிலேர்ந்து பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு.

வேலாயுதம்: கிழிஞ்சிருக்கு...

கௌஸ்: இத ஆட்டுற கையும் தேஞ்சு லொடலொடங்குது. கிழிசல் வழியா பெட்ரோல் எண்ணெய்த் தொட்டிக்குள்ள எறங்கியிருக்கு. டாங்கியில கொறைஞ்சது இங்கதான் ஏறியிருக்கு. எண்ணெய் நீர்த்துப் போனா பிரஷர் எங்கேர்ந்து வரும்?

கன்னையா: அப்ப... ஆத்தா?

கௌஸ்: இரு லா. துணி கிழிஞ்சா பெட்ரோல் வெளிய சொட்டணும். அதுக்குன்னே பம்புல ஒரு சின்ன ஓட்டை வச்சிருக்கான். சொட்டியிருந்தா நீங்களே பார்த்திருப்பீங்க... இது என்ன செவப்பா அடைச்சிருக்கு?

கன்னையா: ...குங்குமம்.

கௌஸ்: ஓட்டையிலயா!

கன்னையா: முதல்ல சந்தனம். அதுக்கு மேல குங்குமம். அந்த எடம் பார்க்க நெத்தி மாதிரி இருந்துச்சு பாய்...

வேலாயுதம்: அட கூறுகெட்டவனே!

கௌஸ்: திட்டாத டிரைவரே. இந்த எண்ணெய வச்சுக்கிட்டு கிள்ளான்லேர்ந்து ஓடி வந்திருக்கீங்க. பேரிங் உருகி எஞ்சின் வழியிலயே இறுகியிருக்கணும். உருகல! மூடியத் தொறந்து சூடம் காட்டின மனுசன் மீசை கூடப் பொசுங்காம என் முன்னால நிக்கிறான்.

கன்னையா: அப்ப ஆத்தா இருக்கா. இல்ல பாய்?

கௌஸ்: என்னைக் கேக்காத. படைச்சவன் இருக்கான். இல்லேன்னா இன்னைக்கு நீ இல்ல.

வேலாயுதம்: அப்ப பெட்ரோல், பாய்?

கௌஸ்: எவனும் எடுக்கல. மொத்த எண்ணெயையும் வாளியில வடிச்சு வைக்கிறேன். உங்க தவுக்கே வந்து மோந்து பார்க்கட்டும். சந்தேகம்னா ஒரு துணிய நனைச்சுக் கொளுத்தியே காட்டுறேன்.

வேலாயுதம்: எவனும் எடுக்கல...

கன்னையா: யாருமே எடுக்கல...

கௌஸ்: என்னய்யா, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சிரிங்க!

வேலாயுதம்: மாப்ளே... நெசமா நீ எடுக்கலியா?

கன்னையா: நானா! ஏன் மாமா, அப்ப நீங்களும் எடுக்கலியா?

வேலாயுதம்: சீ! என்னப் பார்த்தாடா கேக்குற?

கன்னையா: நீங்க மட்டும் கேட்டீங்க...

கௌஸ்: விடுங்க லா. அதான் வெளங்கிடுச்சே.

வேலாயுதம்: இல்ல பாய்... காலையில வண்டி எடுக்கிறப்ப தவுக்கேகிட்ட சொல்லிட்டேன். நான்தான் பெட்ரோல வித்தேன்னு.

கௌஸ்: என்னது!

வேலாயுதம்: இவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. இவன மாத்தா புடிச்சுக்கிட்டுப் போனா அந்தப் புள்ள என்ன ஆவும்? என் பொண்டாட்டி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? சொல்லிட்டேன். ஆனா தவுக்கே கோவப்படவே இல்ல பாய். "லூ பூன்?"னாரு. நீயுமான்னு. அப்புறம், ரெண்டு பேருமாப் போய் முதல்ல வண்டியக் காட்டுங்கன்னு அனுப்பிட்டாரு. 'நீயுமா'ன்னா என்ன அர்த்தம்? எனக்கு இன்னும் வெளங்கல.

கன்னையா: ...நேத்தே நான் போய்ச் சொல்லிட்டேன் மாமா, நான்தான் திருடினேன்னு. நீங்கன்னு நெனச்சுக்கிட்டு.