ஆணி அடித்த முன்கதவு

மாலை ஐந்தரை மணி. முப்பது மைலுக்கு ஒரு வளைவுகூட இல்லாத செம்மண் வீதி. அதில் ஒரேயொரு கார்...

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், பிள்ளைகளே. போர்வையைச் சின்னவளுக்கும் இழுத்து விடுங்கள். பயம் வந்தால் என் கையைப் பிடிக்கலாம். குளிர்ந்துதான் இருக்கும்... அது வயது, வேறொன்றுமில்லை.

காருக்குள் இருந்தது நம் யோகா மாமியின் ஒன்றுவிட்ட அக்கா பவளம், அவள் புருஷன் சிறிதரன், நாலு வயது மகள் ராதா. எழுபத்து நாலாம் ஆண்டு, வைகாசிக் கடைசி. அங்கே அது குளிர் தொடங்கும் காலம். ஐந்தரைக்கே இருட்டிவிடும். சிறிதரனுக்கு வாத்தியார் வேலை. மெல்பேர்னிலிருந்து முந்நூறு மைல், மல்லீ என்கிற கோதுமைச் சமவெளியில்.

"கறிக்குப் போடுற மல்லியோ, அன்ரி?"

ஓமடி, பவளமும் அப்படித்தான் சிரித்தாள். போய்ச் சேரும்வரை.

அந்த ஊரில் இருபது வீடு. இரண்டில்தான் ஆட்கள் குடியிருக்க முடியும். மற்றவர்கள் எல்லாம் காணியை விட்டுப் போய்விட்டார்கள். தண்டவாளத்தின் ஓரம் கோதுமைக் களஞ்சியம் ஒன்று, வானத்தை முட்டிக்கொண்டு. தேவாலயத்துக்குக் கூரை பாதி. நாய் குரைக்கிற சத்தம்கூட இல்லை.

இவர்களுக்கு வீடு கொடுத்தவள் எல்சி. எதிர்வீட்டில் தனியாக இருப்பவள், அறுபத்தாறு வயது. பூட்டுத் திறப்பைப் பவளத்தின் கையில் வைத்துச் சொன்னாளாம்:

"இது பின்கதவுத் திறப்பு. இந்தப் பக்கத்தில் எல்லோரும் பின்கதவால்தான் வருவோம். முன்கதவை அப்படியே விட்டுவிடுங்கள்."

பவளம் போய்ப் பார்த்தாள். முன்கதவில் ஆணி. பதினொரு ஆணி.

"இஞ்சேருங்கோ, இதைக் கழட்டுங்கோ. விளக்கு வைக்கிற நேரம் முன்கதவு திறந்திருக்க வேணும்."

"லட்சுமி முந்நூறு மைல் பஸ் ஏறி வரப் போறாவோ?"

"வந்தா வாசல்ல நிக்க விடேலாது. கழட்டுங்கோ எண்டால்."

சிறிதரன் சிரித்துக்கொண்டே கழற்றினான். நமக்குத் தெரியுந்தானே... விளக்கு வைக்கும்போது முன்கதவைத் திறப்போம், பின்கதவைச் சாத்துவோம். வந்த லட்சுமி பின்னால் போய்விடக் கூடாது என்று. அங்கேயும் பவளம் அதையே செய்தாள். ஒவ்வொரு மாலையும்.

மூன்றாம் நாள். விளக்கு எரிகிறது. அவள் குசினியில் சமைத்துக்கொண்டு.

ஸ்ர்ர்க்... ஸ்ர்ர்க்... 

வாசல் மிதியடியில் யாரோ பூட்ஸ் தேய்க்கிற சத்தம். ஒரு கால் இரண்டு தரம். மற்றக் கால் ஒரு தரம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஆளில்லை. மிதியடியில் சிவப்புப் புழுதி மட்டும், அப்போதுதான் உதிர்ந்த மாதிரி. நனைந்த சாக்கு மணம் ஒன்று.

"காத்தாயிருக்கும், பவளம்."

"காத்து சப்பாத்துப் போடுமோ?"

அடுத்த நாள் சத்தம் உள்ளே வந்தது. நடைவழியில் மெதுவாக... ராதாவின் அறை வாசல்வரை. அங்கே நின்றது. அதற்குப் பிறகு திரும்பிப் போகிற சத்தம் கேட்கவே இல்லை.

ஆறாம் நாள் ராதா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"அம்மா, அந்த மாமா என்னை எல்சி எண்டு கூப்பிடுறார்."

பவளம் கரண்டியை வைத்துவிட்டு நடைவழியை எட்டிப் பார்த்தாள். அப்போது பார்த்து, சாத்தியிருந்த பின்கதவில் தட்டுகிற சத்தம். எல்சிதான், கையில் முட்டைக் கிண்ணம். கதவு திறந்ததும் அவள் பார்வை நடைவழியால் நேரே முன்னுக்குப் போனது. திறந்த கதவு. விளக்கு. 

கிண்ணம் விழுந்து உடைந்தது.

"யார் திறந்தது?"

எல்சி கதிரையில் உட்கார்ந்து சொன்னாள். அது அவள் பிறந்த வீடு. அவளுக்கு ஆறு வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் புழுதிப் புயல். தகப்பன் அந்த முன்கதவால் அவளைத் தேடி ஓடினார். அவளோ வேலியைத் தடவித் தடவிப் பின்கதவால் வீட்டுக்குள் வந்துவிட்டாள். அவர் திரும்பவே இல்லை. பிரேதமும் கிடைக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாலையில் மிதியடிச் சத்தம்... தாய்க்காரி பயந்து ஆணி அடித்துவிட்டாள்.

"நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். அவருக்குக் கேட்காது. அவர் தேடுவது சின்னப் பிள்ளையை."

பவளம் திரும்பினாள். ராதாவின் கதிரை வெறுமை. சோறு பாதி.

முன்வாசலால் ஓடினார்கள் இருவரும். வெளியே கடைசி வெளிச்சம். பண்படுத்தி விதைத்த வயலின் நடுவே ராதா போய்க்கொண்டிருந்தாள், வெறுங்காலோடு. வலதுகை மட்டும் மேலே தூக்கியபடி... உயரமான ஒருவரின் கையைப் பிடித்த பிள்ளை நடப்பதுபோல. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"ராதா! நில்லடி பிள்ளை! ராதா!"

அவள் திரும்பவில்லை. அம்மா கூப்பிட்டும் திரும்பவில்லை. பவளம் புதைகிற மண்ணில் விழுந்து எழும்பி ஓடினாள். ஓட ஓட இடைவெளி குறையவில்லையாம்.

எல்சி அவளைத் தாண்டிப் போனாள். அறுபத்தாறு வயது மனுசி, மூச்சு வாங்க வாங்க. பிள்ளையின் கைக்கு மேலே, அந்த ஒன்றுமில்லாத இடத்தில், தன் கையை நீட்டினாள்.

"அப்பா, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையை விடுங்கள்."

ராதாவின் கை தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் அழுதாள். பவளம் அவளை அள்ளி எடுத்து, சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினாள். திரும்பிப் பார்க்கையில் எல்சி போய்க்கொண்டிருந்தாள். கை மேலே தூக்கியபடி. இருட்டுக்குள்... ஒரு தரமும் திரும்பாமல்.

சிறிதரன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறரைக்கு வந்து, டோர்ச் எடுத்துக்கொண்டு தேடினான். இல்லை. 

விடிய, பதினெட்டு மைல் தள்ளியிருந்து பொலிஸ்காரர் வந்தார். மண் ஈரம். தடம் எல்லாம் அச்சடித்தமாதிரி இருந்ததாம். வாசலிலிருந்து ஓர் ஆம்பிளையின் பூட்ஸ் தடம். பக்கத்தில் ராதாவின் வெறுங்கால். அவள் அழுத இடம்வரை எல்சியின் பெரிய ரப்பர் சப்பாத்தும் ஓடி வந்திருந்தது.

அங்கேயே அது நின்றுவிட்டது.

அதற்கு அப்பால் பூட்ஸ் தடம். அதன் பக்கத்தில் சின்னச் சப்பாத்துத் தடம், ஆறு வயதுப் பிள்ளையினது, அடியில் ஆணி வைத்த பழைய காலச் சப்பாத்து. அறுபது அடி தூரம் போனது அது. பிறகு அதுவும் இல்லை.

பூட்ஸ் மட்டும் தனியே போனது, வயலின் கடைசிவரை. பொலிஸ்காரர் குந்தியிருந்து அந்தத் தடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அதுவரைக்கும் ஒரு விரற்கணு ஆழம். சின்னத் தடம் முடிந்த இடத்திலிருந்து... இரண்டு விரற்கணு.