வாங்கியவர் பக்கம்

— இல்ல வாப்பா. பொய்ப் பேரு போட மாட்டேன்.

— இதுல பொய் எங்கம்மா வந்துச்சு? கேட்டுக்க, நம்ம கபீர் இருக்கான். ‘தஸ்லீமா மூலமாத்தான் கடன் வாங்கினேன்’னு எழுதிக் குடுடான்னா குடுத்துட்டுப் போறான். ஆஸ்திரேலியாக்காரன் கப்பல் ஏறி மொகல் தெருவுக்கு வந்து விசாரிக்கவா போறான்?

— கபீர் மாமா ஜென்மத்துல கடன் வாங்கினதில்ல.

— அதான் நல்லது. கூச்சமில்லாமக் கையெழுத்துப் போடுவான்.

— ரெண்டு பேரும் முதல்ல சோத்துல கை வைங்க. ஜும்மா முடிஞ்சு வந்ததுலேர்ந்து இதே பேச்சு. மீன் ஆறிக் கெடக்கு.

— ரஹீமா, நீ சும்மா இரு. இது தொழில் பேச்சு.

— உம்மாவும் கேக்கட்டுமே வாப்பா.

— நான் ஒண்ணு கேக்கட்டுமா புள்ள? படிப்பை ஒத்துக்கிட்டாங்கன்னே. இங்கிலீஷ் பரீட்சையிலயும் பாஸுன்னே. தெருப் பூரா உங்க வாப்பா லட்டு குடுத்தாச்சு. இப்ப என்னதான் மிச்சம் இருக்கு?

— விசாவுக்கு, வேலை பார்த்த அத்தாட்சி வேணுமாம் உம்மா. சம்பளத்துக்கு இருந்திருந்தா முதலாளி எழுதிக் குடுத்திருப்பாரு. நான் தனியா நின்னு கடன் வாங்கித் தர்ற ப்வேஸா. தரகு வேலைக்கு எவன் சீட்டு தர்றான்? அதனால கடன் குடுத்தவங்கள்ல ஒருத்தரு, வாங்கினவங்கள்ல ஒருத்தரு, எழுதித் தரணும்னு கேக்குறாங்க. குடுத்தவங்க பக்கம் முகைதீன் ஹாஜியார் சந்தோஷமா எழுதிக் குடுத்துட்டாரு. வாங்கினவங்க பக்கம்தான் ஆளில்ல.

— எப்படி இருக்கும்? குடுத்தேன்னு சொல்றதுல பெருமை இருக்கு. வாங்கினேன்னு எவன் சொல்லுவான்? ஆனா நீ கேட்டாவது பார்த்தியா?

— பார்த்தேன் வாப்பா. மிங்கலாடோன்ல ஒரு அம்மா. பேரைக் கேக்காதீங்க. என்னைப் பார்த்ததும் வாசக் கதவைச் சாத்திட்டுப் பின்பக்கமா வந்து பேசுனாங்க. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்காங்களாம். கடன்காரி வீடுன்னு சம்பந்தி காதுல விழுந்தா கதை முடிஞ்சுதுன்னு அழுதாங்க. நான்தான் சமாதானம் சொல்லிட்டு வந்தேன்.

— வேற?

— த்வாண்டேல பானை பண்றவரு ஒருத்தரு. அவரு மட்டும், ‘எத்தனை தாள் வேணும், தஸ்லீமா? எழுதித் தர்றேன்’னாரு.

— அப்புறம் என்ன? அவனைப் போடு.

— அவரு இன்னும் திருப்பிக் கட்டலையே வாப்பா. அவரை முன்னாடி நிறுத்தினா ஆள் பார்த்துக் கடன் வாங்கித் தரத் தெரியாதவன்னு என்னையில்ல சொல்லுவாங்க?

— சிரிக்காதே ரஹீமா. உன் மகளுக்கு அடுத்த மாசம் முப்பது முடியுது. முடிஞ்சா வயசுக்கான மார்க்கு குறையும். குறைஞ்சா வாசல் அடைப்பு. அப்புறம் நாம எவ்வளவு பானை உடைச்சாலும் ஒண்ணும் ஆகாது.

— எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சா அவளுக்கு நீயாவது சொல்லு. இந்தா பாரு தஸ்லீமா, நீ என்ன ராணுவ ரகசியமா காப்பாத்துற? எத்தனையோ பேருக்குக் கடன் வாங்கிக் குடுத்திருக்கே. நிஜமா வாங்கி, நிஜமா அடைச்சவங்க பேரை நீயே எழுதி அனுப்பிடு. அவங்களுக்குத் தெரியவா போகுது?

— எனக்குத் தெரியுமே வாப்பா.

— என்ன தெரியும்?

— ஒருத்தர் என்கிட்ட கஷ்டத்தைச் சொல்றப்ப சட்டையக் கழட்டிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. நான் பார்த்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவங்க கடைத் தெருவுல போனாக்கூட எதிர்ப்பக்கமா நடப்பேன். அவங்க வாசல்ல ப்வேஸா நின்னு பேசுறதைப் பார்த்தா ஊரே கணக்குப் போட்டுரும். இத்தனை வருஷம் அப்படி நடந்துட்டு, ப்வேஸான்னு நிரூபிக்கிறதுக்காக ஒரு பேரைச் சொன்னா, சொன்ன நிமிஷமே நான் ப்வேஸாவே இல்ல.

— கேட்டியா ரஹீமா? இவதான் ஆஸ்திரேலியாவுல போய்க் கடன் வாங்கிக் குடுக்கப் போறா.

— அங்கயும் இப்படித்தான் இருப்பேன்.

— இருப்பே, இருப்பே. அதுக்கு முதல்ல போகணும்ல? டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்துல் ரவூப் முகம் செத்துப் போச்சு. அவன் மகன் சிங்கப்பூர்ல லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான். என் மகளைக் கவர்மெண்ட்டே பரீட்சை வச்சுக் கூப்பிடுதுன்னு சொன்னேன். நாளைக்கு அவன் முன்னாடி எப்படிப் போய் உக்காருவேன்?

— அவருக்காகவா நான் போறேன்?

— சரி, அதை விடு. நாம எப்படிப்பட்ட குடும்பம்? கேட்டுக்க. உங்க தாத்தா தொண்டியிலேர்ந்து கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்து ஆணி வித்தாரு. நான் வந்தேன், பூட்டு, கீலு, தகரம்னு வச்சேன். பேங்கெல்லாம் கதவைச் சாத்தி ஊரே தலையில கை வச்ச வருஷம் இருந்துச்சே, அப்பக்கூட நான் ஒருத்தன் வாசல்ல போய் நின்னதில்ல. ஷ்வேப்யிதா ஆணி ஃபேக்டரி முதலாளி உ துன், இந்தக் காஜா மைதீன் முகத்தைப் பார்த்துச் சரக்கு லாரியை அனுப்பினான். முகத்தைப் பார்த்து. கடன் வாங்காதவன் மகளுக்குக் கடன் வாங்கினவன் ஒருத்தன் கிடைக்கலையாம். இது என்ன கூத்து?

— வாப்பா, மீன் எடுத்துக்குங்க.

— பேச்சை மாத்தாதே.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— உனக்கென்ன ரஹீமா, குழம்பு வேணுமான்னு கேக்கப் போறே.

— உம்மா, வேணாம்.

— நீ சும்மா இரு புள்ள. நீ வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியா போகலேன்னாலும் திறக்க மாட்டே. அதனால நான்தான் சொல்லணும். என் பேரை எழுது.

— என்ன எழுதச் சொல்றே ரஹீமா?

— வாங்கினவங்க பக்கம். ரஹீமா பீவின்னு எழுதச் சொல்றேன்.

— விளையாடுறியா?

— உ துன் உங்க முகத்தைப் பார்த்து லாரி அனுப்பலைங்க. பேங்க்ல போட்ட காசு வெளிய வராதுன்னு தெரிஞ்சதும், முன்பணம் இல்லாமச் சரக்கு இல்லேன்னு சொல்லிட்டாரு. நீங்க ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தீங்க. நான்தான் தஸ்லீமாகிட்ட கேட்டேன். அவ ஆளைப் பிடிச்சுக் குடுத்தா. பணத்தை உ துன் கையில குடுத்து, ‘அவர் முகத்துக்காக அனுப்புறேன்னு சொல்லுங்க’ன்னு சொன்னது நான்தான்.

— தஸ்லீமா.

— வாப்பா.

— இது நெஜமா?

— நான் எதுவும் சொல்ல மாட்டேன் வாப்பா. வாங்கினவங்கதான் சொல்லணும்.

— அதான் சொல்லிட்டேனே. இப்ப நீ பேசலாம்.

— நெஜம்தான் வாப்பா.

— ரெண்டு வருஷம் நீ என் கடைப் படி மிதிக்கல. படிச்ச புள்ள, இரும்புக்கடைன்னா வெக்கப்படுதுன்னு நெனச்சேன். உங்க உம்மாகிட்டக்கூடச் சொல்லி வருத்தப்பட்டேன்.

— கடன் அடையுற வரைக்கும் வாசல்ல ப்வேஸா நின்னா பேசுவாங்கன்னுதான் வரல. எதிர்ப்பக்கமா நின்னு உங்களைப் பார்த்துட்டுப் போவேன்.

— எதை நம்பிக் குடுத்தாங்க? நகை வச்சியா ரஹீமா?

— வளையலைக் கழட்டத்தான் போனேன். இவ விடல.

— தேவைப்படல வாப்பா. குடுத்தவரு ஒண்ணுதான் கேட்டாரு, இந்தக் கடை எழுந்து நிக்குமான்னு. நான் உங்க சரக்கு போற வேகத்தைப் பார்த்தேன், யாருக்கெல்லாம் நீங்க பாக்கி விடுறீங்கன்னு பார்த்தேன். நிக்கும்னு சொன்னேன். மகளாச் சொல்லல. தரகு வாங்கிக்கிட்டுச் சொன்னேன்.

— தரகு வேற வாங்கினியா?

— உம்மாகிட்ட வாங்காமலா? வாங்கலேன்னா அது தொழில் இல்லையே.

— கறாரா எண்ணி வாங்கினா. பெத்தவன்னு ஒரு ச்யாட் காசுகூட விடல.

— எப்படி அடைச்சே ரஹீமா? என்கிட்ட ஒரு காசு கேக்கலியே.

— வியாழக்கிழமை தோறும் மார்க்கம் கேக்க பயானுக்குப் போறேன்னு சொல்லுவேன்ல? பயான்தான், ஆனா அது பக்கத்துத் தெரு ஜைனப் வீட்டு அடுப்படியில. சமோசா போட்டுக் கடைகளுக்குக் குடுத்தோம்.

— எந்தக் கடைக்கு?

— நீங்க உக்கார்ற டீக்கடைக்கும்தான்.

— அந்தச் சமோசாவா? அதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டாந்து, இந்தப் பக்குவம் உனக்கு வருமான்னு உன்கிட்டயே கேட்டேனே.

— கேட்டீங்க. நானும் வராதுங்கன்னு சொன்னேன்.

— உம்மா, சிரிக்காதீங்க. வாப்பா, ஏதாவது சொல்லுங்க. கோபமா?

— இரு. என்னைக் கொஞ்சம் யோசிக்க விடு.

— சோறு காயுதுங்க.

— காயட்டும். ஆறு வருஷம். ஒரே வீட்டுல, ஒரே சட்டியில சாப்பிட்டுக்கிட்டு, ரெண்டு பொம்பளைங்க என்கிட்ட மூச்சு விடல. நான் டீக்கடையில முகம், முகம்னு பேசிக்கிட்டிருந்தேன். அப்பக்கூட நீங்க சொல்லிக் காட்டல. தஸ்லீமா, அந்த ஆஸ்திரேலியாக்காரன் கேக்குறதுல என்னென்ன எழுதணும்?

— வாங்கினவங்க பேரு. எதுக்காக வாங்கினாங்க, நான் என்ன செஞ்சேன், ஒழுங்கா முடிஞ்சுதான்னு. அப்புறம் அவங்க கூப்பிட்டு விசாரிக்கிறதுக்கு ஒரு போன் நம்பரு.

— அங்கதான் இடிக்குது புள்ள. எனக்கேது போனு?

— கடை நம்பரைப் போடு.

— வாப்பா, கடைக்குப் போன் வந்தா பக்கத்துல இருக்கிறவங்க காதுலயெல்லாம் விழும். அப்துல் ரவூப் மாமா பக்கத்து டீக்கடையிலதான் உக்கார்ந்திருப்பாரு.

— விழட்டும். ஸ்பீக்கர் இருந்தா அதையும் போடுவேன்.

— எடுத்ததும் யார் பேசுறதுன்னு கேப்பாங்க வாப்பா. இங்கிலீஷ்ல.

— ‘காஜா மைதீன் இரும்புக்கடை’ன்னு சொல்ல மாட்டேன். ரஹீமா பீவியோட புருஷன் பேசுறேன்னு சொல்லுவேன். அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு மட்டும் இப்பவே சொல்லிக் குடு.